ஏற மூச்சு, இறங்கக் கம்பு

மலைநடை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் காலணி பற்றி எழுதும்போது, இறங்குகையில் கையில் ஒரு கம்பு இருந்தால் நல்லது என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். காலணியை விட்டுவிட்டு எல்லோரும் அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்புதான். சரி, இந்த மாதம் முழுக்கக் கம்பாகவே இருக்கட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் உடுமலையில் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். வயது 63. இடது முட்டி கொஞ்சம் தகராறு. நான் மருத்துவர் இல்லை, கடை வைத்திருப்பவளும் இல்லை. ஒன்பது வருடமாகக் கம்போடு நடக்கிறேன், அவ்வளவுதான் தகுதி.

வீட்டில் எல்லோரும் வெள்ளியங்கிரி போகிறோம். எனக்கு 57 வயது, முட்டி வலி உண்டு. மகன் ஆன்லைனில் இரண்டு ட்ரெக்கிங் போல் (மலைநடைக்கென்று வரும், நீட்டிச் சுருக்கும் ஊன்றுகம்பு) வாங்கித் தந்திருக்கிறான். "அடிவாரத்தில் மூங்கில் தடி கிடைக்கும்போது இந்த இரும்புக் குச்சி எதற்கு?" என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
– தாராபுரம் வாசகி

உங்கள் முட்டிக்கு மகன் சொல்வது சரி. உங்கள் கணவரின் முட்டிக்கு அவர் சொல்வது சரியாக இருக்கலாம்.

மூங்கில் தடியை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். 10 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்கள் அந்த மலை ஏற வழக்கத்தில் இடமில்லை என்பதால், முப்பது வருடம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு 54-ஆவது வயதில்தான் முதல்முறை ஏறினேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது அடிவாரத்துப் பூண்டிக் கோயில் பக்கத்தில் வாங்கிய ஒரு மூங்கில் தடிதான். அதில் ஒரு சௌகரியம் உண்டு. தோள் உயரத்துக்கு இருப்பதால் ஏற்றத்தில் கையைக் கீழே இறக்கிப் பிடிக்கலாம், இறக்கத்தில் உச்சியைப் பிடிக்கலாம். எந்தப் பூட்டையும் திருக வேண்டாம், கை வழுக்கி மேலே கீழே போனால் போதும். பல நூறு ரூபாய் போட்டு வாங்கும் போல் செய்வதை அது ஒரு அசைவில் செய்துவிடும்.

வாங்குவதாக இருந்தால் குவியலில் மேலே கிடப்பதை எடுத்துக்கொண்டு நடக்காதீர்கள். நுனியைத் தரையில் சாய்வாக ஊன்றி, உடம்பு எடையில் பாதியை அதன்மேல் போட்டுப் பாருங்கள். வில்லாக வளைந்தால் வேண்டாம். கணுவுக்குக் கணு விரலால் தடவி, நெடுக ஓடும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கை பிடிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு கணு வந்தால் நல்லது, வியர்த்தாலும் கை சறுக்காது. தரையில் படும் முனை கணுவை ஒட்டி வெட்டியிருக்க வேண்டும். கணுவுக்கு நடுவே வெட்டியிருந்தால் ஏழு மலையில் ஐந்தாவது வருவதற்குள் துடைப்பம் மாதிரி பிளந்துவிடும். எனக்குப் பிளந்தது.

அப்புறம் ஏன் மகன் பக்கம் சேர்கிறேன்? இறக்கம். ஏழு மலை ஏறி சுவாமியைப் பார்க்கும்வரை எல்லோருக்கும் தெம்பு இருக்கிறது. திரும்பும்போது கடைசியாக வருவது முதல் மலை. ஏறும்போது மூச்சு வாங்க வைத்த அந்தக் கல்படிகள், இறங்கும்போது தொடை நடுங்கும் நேரத்தில் வரும். ஒவ்வொரு படியும் ஒரே உயரம் கிடையாது. ஒற்றைத் தடியைப் பிடித்து இறங்கினால் உடம்பு அந்தப் பக்கமாகவே சாயும். எனக்கு மறுநாள் முட்டியோடு இடுப்பும் சேர்ந்து வலித்தது, வலது உள்ளங்கையில் நாலு அணா அகலத்துக்குக் கொப்புளம். இரண்டு போல் இருந்தால் இரண்டையும் கீழ்ப்படியில் முதலில் ஊன்றி, பிறகு காலை வைக்கலாம். எடை கைகளுக்கும் கொஞ்சம் போகும்.

ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு மலைக்குப் போகாதீர்கள். பத்து நாள் மொட்டை மாடிப் படியில் பழகுங்கள், பக்கத்து வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும். பெரும்பாலானோர் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். ஒரு கையில் டார்ச் பிடித்தால் போலுக்குக் கை இருக்காது, அதனால் நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். காய்ந்த கல்படியில் ரப்பர் புஷ் மாட்டி ஊன்றுங்கள், மண் பாதை வந்ததும் கழற்றிப் பையில் போடுங்கள். வழவழப்பான பாறையில் ஈரம் இருந்தால் ரப்பரையும் நம்ப வேண்டாம், இரும்பையும் நம்ப வேண்டாம். உட்கார்ந்து இறங்குங்கள். அதில் வெட்கமே இல்லை.

முட்டி வலிக்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள். போல் சுமையைக் குறைக்கும், வலியைக் குணமாக்காது. உங்கள் கணவர் மூங்கில் தடியே வாங்கட்டும். திரும்பும் வழியில், மூன்றாவது மலை வாக்கில், உங்களுடையதில் ஒன்றைக் கேட்பார். கொடுக்காதீர்கள்.

என் உயரம் 5 அடி 3 அங்குலம். கடையில் 135 செ.மீ. வரை நீளும் போல் கொடுத்தார்கள். எவ்வளவு நீளத்தில் வைத்துக்கொள்வது?
– திண்டுக்கல் வாசகர்

மலைக்குப் போடும் அதே காலணியைப் போட்டுக்கொண்டு சமதரையில் நில்லுங்கள். போலின் முனை பாதத்துக்குப் பக்கத்தில் தரையைத் தொட வேண்டும். பிடியைப் பிடித்தால் உங்கள் முழங்கை 'ட' எழுத்து மாதிரி மடங்க வேண்டும். அதுதான் உங்கள் அளவு. உங்கள் உயரத்துக்கு 110 செ.மீ. பக்கம் வரும். 5 அடி 8 அங்குலத்துக்கு மேல் என்றால் 120, ஆறடிக்காரர்களுக்கு 130, ஐந்தடிக்குக் கீழே என்றால் 100 போதும்.

நீண்ட ஏற்றம் வந்தால் 5 செ.மீ. அல்லது கொஞ்சம் கூடுதலாகக் குறையுங்கள். நீண்ட இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். பத்தடிக்கு ஒருமுறை மேடும் பள்ளமுமாக இருக்கும் பாதையில் இதையே செய்துகொண்டிருந்தால் பொழுது போய்விடும். அங்கே நடு அளவில் விட்டுவிடுங்கள். பிடிக்குக் கீழேயும் ஒரு முழம் நீளத்துக்கு நுரைப்பட்டை சுற்றிய போல்கள் வருகின்றன. அவற்றில் சின்ன ஏற்றத்துக்குக் கையை மட்டும் கீழே நகர்த்தினால் போதும். மூங்கில் தடிக்காரன் எப்போதோ கண்டுபிடித்த வித்தை அது!

மூன்று துண்டாக இருக்கும் போலில் கீழிரண்டு துண்டுகளையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இழுங்கள். ஒன்றை முழுக்க இழுத்து மற்றதை உள்ளேயே விட்டால் வலு குறையும். 'ஸ்டாப்' என்று கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டி இழுக்கவே கூடாது.

எனக்கு 26 வயது. டோப்ஸ்லிப் பக்கம் ட்ரெக் போனபோது போல் கொண்டுபோனேன். "தாத்தா, மெதுவா வாங்க" என்று நண்பர்கள் ஒரே கேலி. இளவயதில் உண்மையிலேயே இது தேவையா?
– கோவை வாசகர்

நண்பர்களின் முட்டிகளுக்கு இன்னும் நாற்பது வருட வேலை பாக்கி இருக்கிறது, தம்பி. அது அவர்களுக்கு இப்போது தெரியாது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 25 டிகிரி சரிவுப் பலகை ஒன்றில் எட்டுப் பேரைப் போலோடும் போல் இல்லாமலும் இறங்க வைத்து, முட்டியில் விழும் விசையை அளந்தார்கள். போலோடு இறங்கியபோது 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. எட்டே பேர், அதுவும் ஆய்வுக்கூடத்துச் சரிவு. ஆனாலும் ஒரு மலையில் நீங்கள் இறங்கும்போது வைக்கும் காலடிகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கழித்தால் மொத்தம் எங்கே போகும்?

கேலி செய்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எப்போதும் போலோடு நடந்தால் உடம்பு தானாகச் சமநிலை பிடிக்கும் பழக்கம் மழுங்கும். சமதரையில் போல் உங்கள் உழைப்பைக் குறைக்காது. கைகளும் வேலை செய்வதால் நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதனால் தரை நன்றாக இருக்கும் இடத்தில் மடித்துப் பையில் செருகிவிட்டு வெறுங்கையோடு நடங்கள். முதுகுப் பை கனமாக இருந்தாலோ, இறக்கம் நீளமாக இருந்தாலோ, ஓடை குறுக்கிட்டாலோ எடுங்கள். நானும் பாதி தூரம் வெறுங்கைதான்.

போன மாதம் இறக்கத்தில் விழுந்தேன். போல் கையோடு சிக்கிக்கொண்டு கட்டை விரல் பிசகிவிட்டது. மணிக்கட்டில் வாரை மாட்டுவதா வேண்டாமா?
– பெங்களூரிலிருந்து ஒரு வாசகி

முதலில் அந்தக் கட்டை விரலைக் கவனியுங்கள். பனிச்சறுக்குக்காரர்களுக்கு இதே மாதிரி அடிபடுவது உண்டு. விழும்போது பிடியோ வாரோ விரலை வெளிப்பக்கம் இழுத்துவிடுகிறது, அடிமூட்டில் இருக்கும் நார் கிழிகிறது. வெறும் பிசகு என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு இருந்தால் பிடிமானமே போய்விடும். எலும்பு மருத்துவரிடம் காட்டியாயிற்றா?

வாரைப் பத்துக்கு எட்டுப் பேர் தப்பாகத்தான் மாட்டுகிறார்கள் (எண்ணிக்கை என் கண் கணக்கு). வளையலுக்குள் நுழைப்பது போல மேலிருந்து கையை நுழைத்துப் பிடியைப் பிடிக்கிறார்கள். அப்படி மாட்டினால் வார் வெறும் தொங்கட்டான். சரியான முறை இது: கையை வாருக்குக் கீழேயிருந்து மேலே கொண்டுவாருங்கள். பிறகு வாரையும் பிடியையும் சேர்த்து உள்ளங்கையால் பிடியுங்கள். இப்போது வார் மணிக்கட்டின் பின்பக்கமாக வந்து, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே கீழிறங்கும். எடை வாரில் உட்காரும். விரல்களை லேசாக விட்டாலும் போல் எங்கேயும் போகாது. பிடியை இறுக்கிப் பிடித்து நாள் முழுக்க நடப்பவருக்கு ராத்திரி சோற்றைப் பிசையக்கூட விரல் மடங்காது.

வாரைக் கழற்ற வேண்டிய இடங்களும் உண்டு: உருண்டைக் கற்கள் குவிந்த இடம், போல் முனை பாறை இடுக்கில் மாட்டக்கூடிய இடம், ஓடை கடக்கும்போது, நீங்கள் விழுந்தது போன்ற செங்குத்து இறக்கம். அங்கே விழுந்தால் போல் தனியாகப் போகட்டும், நீங்கள் தனியாக விழுங்கள்.

என் போல் திருகிப் பூட்டும் வகை. எவ்வளவு இறுக்கினாலும் ஊன்றியதும் உள்ளே போய்விடுகிறது. எண்ணெய் விடலாமா?
– விருதுநகர் வாசகர்

ஐயோ, வேண்டாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் கிடையாது.

ஐந்தாறு வருடத்துக்கு முன் என் போல் இதே மாதிரி மக்கர் பண்ணியது. திருகும்போது கரகரவென்று சத்தம் வேறு. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுப் பழகிய புத்தி, அந்த டப்பா கைக்கு எட்டவில்லை, தேங்காய் எண்ணெயைச் சொட்டினேன். அடடா, வெண்ணெய் மாதிரி திரும்பியது! மறுநாள் குரங்கணிப் பக்கம் ஒரு இறக்கம். முதல் ஊன்றலிலேயே போல் ஒரு முழம் உள்ளே போனது, நான் இரண்டு முழம் கீழே போனேன். கூட வந்தவர்கள் அப்புறம் ஒரு வருடம் என்னைப் பார்த்தால் "டீச்சர், எண்ணெய் வைத்தாயிற்றா?" என்று கேட்டார்கள்.

அந்தப் பூட்டு நிற்பதே உராய்வில்தான். உள்ளே ஒரு திருகும் அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தக்கையும் இருக்கும். திருகினால் தக்கை விரிந்து குழாய்ச் சுவரை அழுத்தும். எண்ணெய், ஈரம், மண் எது இருந்தாலும் அந்த அழுத்தம் நிற்காது. துண்டுகளை முழுக்கக் கழற்றுங்கள். காய்ந்த துணியை ஒரு குச்சியில் சுற்றிக் குழாயின் உட்புறத்தைத் துடையுங்கள். தக்கையை லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். தக்கை தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தால் அதை மட்டும் மாற்றக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். மழையில் நனைந்து வந்த நாளில் போலைக் கழற்றாமல் பரணில் போடாதீர்கள். அலுமினியம் உள்ளேயே பூத்து ஒட்டிக்கொள்ளும்.

இனி வாங்குவதாக இருந்தால் வெளியே நெம்புகோல் வைத்து மடக்கிப் பூட்டும் வகையை வாங்குங்கள். இறுக்கம் கண்ணுக்குத் தெரியும். தளர்ந்தால் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை அரைச் சுற்று திருப்பினால் போதும், ஒரு ரூபாய் நாணயமே பல மாடல்களில் அதற்குப் போதுமானது.

உத்தராகண்டில் பனிக்கால ட்ரெக் போகிறேன். கார்பனா, அலுமினியமா? விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா?
– சென்னை வாசகர்

அலுமினியம். கார்பன் இலேசு, கல்லில் தட்டும்போது கைக்கு வரும் அதிர்வும் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் ஜோடிக்கு ஜோடி நூறு கிராம், மிஞ்சினால் இருநூறு கிராம்தான் வித்தியாசம். இரண்டு ஏலக்கி வாழைப்பழத்தைக் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கணக்கு நேராகிவிடும். கல் இடுக்கில் மாட்டிப் பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் அலுமினியம் வளையும், கார்பன் படக்கென்று முறியும். வளைந்ததைத் தொடையில் வைத்து ஓரளவு நிமிர்த்திக்கொண்டு முகாமுக்குத் திரும்பலாம். முறிந்ததை வைத்து என்ன செய்வது? நல்ல ரகத்தில் 7075 என்று எண் போட்டிருக்கும், அது வலுவான அலுமினியக் கலவை.

பனிக்கு அகலமான வட்டத் தட்டு தனியாகக் கிடைக்கும், முனைக்கு மேலே மாட்டுவது. அது இல்லாவிட்டால் போல் முழங்கை வரைக்கும் பனிக்குள் இறங்கும். வாங்கும்போதே அந்தத் தட்டு பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், பல பெட்டிகளில் சேற்றுக்கான சின்னத் தட்டு மட்டும்தான் வைக்கிறார்கள். ரப்பர் புஷ்ஷைப் பனியில் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் கார்பைடு முனைதான் அங்கே கடிக்கும். பிடி கார்க் தக்கையாகவோ நுரையாகவோ இருக்கட்டும். ரப்பர் பிடி குளிருக்குக் கையுறையோடு பரவாயில்லை, நம் ஊர் வியர்வைக்குக் கொப்புளம்தான்.

விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பையில் வைத்து வாதாடாதீர்கள். முனைக்கு மூடி போட்டு, மடித்து, செக்-இன் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள். பெட்டிக்குள் அடங்க வேண்டுமென்றால், கூடாரக் கம்பி மாதிரி உள்ளே கயிறு ஓடி மூன்றாக மடியும் வகை 40 செ.மீ.க்குள் சுருங்கும்.

ஓடை கடக்கும்போது நீர் வரும் திசையைப் பார்த்தபடி, போலை எதிர்நீரில் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். ஒரு காலோ, ஒரு போலோ. பையின் இடுப்புப் பட்டியை அவிழ்த்துவிட்டு இறங்குங்கள்.

மாமனாருக்கு வலது இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. கைத்தடியை வலது கையில்தான் பிடிப்பேன் என்கிறார். உங்கள் ட்ரெக்கிங் போல் அவருக்கு உதவுமா?
– மன்னார்குடி வாசகி

போல் வேண்டாம், கைத்தடியே சரி. அதை இடது கையில் கொடுங்கள். வலி எந்தக் காலிலோ அதற்கு எதிர்க்கையில் தடி, அந்தக் காலோடு சேர்ந்தே தடியும் முன்னே போக வேண்டும். நடக்கையில் வலது காலோடு இடது கை முன்னே வருவது இயல்புதானே, அதே கணக்கு. சினிமாவில் அடிபட்ட காலுக்குப் பக்கத்திலேயே தடியை ஊன்றி நடப்பதைப் பார்த்துப் பார்த்து நமக்கெல்லாம் அதுவே சரி என்று பட்டுவிட்டது.

உயரம்: அவர் செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு வரும் இடத்தில் தடியின் பிடி இருக்க வேண்டும். மலைப்போல் அளவைவிட இது குறைவு. அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். வளையம் வளையமாக இருக்கும் கோடுகள் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். குளியலறை ஈரத்தில் வழுக்குவது அங்கேதான். மற்றபடி, அறுவை செய்த மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் என்ன சொல்கிறாரோ அதுவே முடிவு. மாமனாரிடம் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், மருமகள் சொன்னால் கேட்க மாட்டார்.

காட்டில் யானை, பாம்பு வந்தால் கம்பு கைகொடுக்குமா?
– சத்தியமங்கலம் வாசகர்

சத்தியமங்கலத்துக்காரர் இதைக் கேட்கலாமா?

யானைக்குக் கம்பு எதற்கும் ஆகாது. தூரத்தில் பார்த்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். வனத்துறை ஆள் கூட இருந்தால் அவர் சொல்படி நடங்கள். பூண்டி அடிவாரத்திலேயே யானை நடமாட்டம் உண்டு. பாம்புக்குக் கம்பு உதவும், அடிப்பதற்கில்லை. சருகு மூடிய இடத்தில் காலுக்கு முன்னே தரையைத் தட்டிக்கொண்டே போனால், அந்த அதிர்வைப் பாம்பு உடம்பால் உணர்ந்து விலகிக்கொள்ளும். குரங்குக்குக் கம்பை ஓங்கினால் அது நம்மைவிட நன்றாக முறைக்கும். தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், அதுதான் வழி.

பர்வதமலைக்கு இரண்டு போலோடு போகலாமா?
– ஆரணி வாசகி

பாதி வழி வரைக்கும். அதற்குமேல் கடப்பாரைப் படி வரும். பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும். அங்கே இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் போலைத் தொங்கவிட்டபடி சங்கிலியைப் பிடித்த ஒருவரைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். போல் அவர் கால்களுக்கு நடுவே ஆடியது. கீழே நின்ற எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. முழுக்கச் சுருங்கிப் பைக்குள் போகும் போல் இருந்தால் மட்டும் எடுத்துப்போங்கள். நீட்டியபடியே பையில் செருகினால் முனை பின்னால் வருபவர் கண்ணுக்கு நேராக நிற்கும். மூங்கில் தடி அந்த மலைக்கு ஆகவே ஆகாது.

கடற்கரையில் காலை நடைக்கு வரும் ஒருவர் இரண்டு குச்சிகளைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே நடக்கிறார். அது என்ன?
– புதுச்சேரி வாசகர்

நார்டிக் வாக்கிங். பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்கள் பனி இல்லாத கோடையில் செய்துவந்த பயிற்சி, 1990-களில் எல்லோருக்குமான நடையாகப் பரவியது. போல் முன்னே ஊன்றாது, சாய்வாகப் பின்னே தள்ளும். வாரும் கையுறை மாதிரி இருக்கும். உயரத்தை செ.மீ.யில் எடுத்து 0.68-ஆல் பெருக்கினால் போலின் நீளம் கிடைக்கும். தோளுக்கும் முதுகுக்கும் நல்ல வேலை. மலைப்போலை வைத்து அதைச் செய்தால் பாதி பலன்தான்.

ஜப்பானில் ஃபுஜி மலை ஏறிய என் தம்பி ஒரு மரக்கம்பு கொண்டுவந்தான். அதில் கரிய முத்திரைகள் சுட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? நம் ஊரில் மலை இறங்கியதும் தடியை எறிந்துவிட்டுத்தானே வருகிறோம்?
– திருச்சி வாசகி

அதன் பெயர் கொங்கோசுவே. ஏறும் வழியில் இருக்கும் குடில்களில் காசு கொடுத்தால், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அந்தந்த இடத்து முத்திரையைக் கம்பில் சுட்டுத் தருவார்கள். உச்சி போய் வந்தால் கம்பு முழுக்கப் பயண விவரம் இருக்கும். ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றி 1,200 கி.மீ. அளவுக்கு நடக்கும் யாத்திரிகர்களிடம் அதே பெயரில் ஒரு கம்பு இருக்கும். அது வெறும் கம்பு கிடையாது, கோபோ தாய்ஷி என்ற துறவியே கூட நடந்து வருவதாக ஐதீகம். அதனால் தங்குமிடத்துக்குப் போனதும் தங்கள் காலைக் கழுவும் முன் கம்பின் அடியைக் கழுவுகிறார்கள். பாலத்தின்மேல் போகும்போது கம்பை ஊன்றுவதில்லை. அவர் ஒருமுறை பாலத்தடியில் படுத்துத் தூங்கினாராம், தட்டினால் எழுந்துவிடுவாராம்.

நம் ஊரில் எல்லோரும் எறிவதில்லை. வெள்ளியங்கிரியில் இறங்கி வருபவர், ஏறப் போகிறவரிடம் தடியைக் கொடுத்துவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். வாங்கியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். என் முதல் தடியையும் அப்படிக் கொடுக்கத்தான் நினைத்தேன். முனை பிளந்திருந்ததால் ஒருவரும் வாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆசாரியிடம் கொடுத்து பிளந்ததை அறுத்து, ஒரு இரும்புப் பூண் போட்டு வைத்தேன். இப்போது மாடியில் வடகம் காயும் நாட்களில் அம்மா அதை வைத்துக்கொண்டு காக்கா ஓட்டுகிறார். அவருக்கு வயது 86. படியேறும்போது அதையேதான் ஊன்றிக்கொள்கிறார், அதுவும் தப்பான கையில்.